பின்னால் இடித்தார்கள், முன்பக்க அடிக்கு கிளெய்ம் கிடையாதாம். என்ன செய்வது?

பெல்லந்தூர்வாசி:
வணக்கம். போன செவ்வாய் காலை ஒன்பது மணி வாக்கில் இப்ளூரிலிருந்து அகரா பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்து அவுட்டர் ரிங் ரோடு பற்றி பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வந்த கார் இடித்தது. இடித்த வேகத்தில் என் வண்டி முன்னே போய், நின்றிருந்த குட்டியானை மினி லாரியின் பின்பக்க இரும்புச் சட்டத்தில் முட்டியது. குட்டியானைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். பின்னால் இடித்தவர் மன்னிப்புக் கேட்டு, போன் நம்பரும் கொடுத்தார்.

முன்பக்கம் நம்பர் பிளேட் வளைந்தது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அதனால் இன்சூரன்ஸ் கஸ்டமர் கேரில் "பின்னால் இடித்துவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னேன். கிளெய்ம் ஃபாரத்தை சர்வீஸ் அட்வைசரே நிரப்பினார், நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஏசியில் சூடான காற்று வந்தது. பம்பரைக் கழற்றிப் பார்த்தால் ஏசியின் கண்டென்சர் நசுங்கிக் கசிகிறது, ரேடியேட்டர் சப்போர்ட் வளைந்திருக்கிறது.

எஸ்டிமேட் மொத்தம் 61,400 ரூபாய். பின்பக்கம் 22,900, முன்பக்கம் 38,500. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் பின்பக்கத்தை மட்டும் ஏற்கிறார். முன்பக்கம் பழைய அடியாம், நான் சொன்ன சம்பவத்தோடு பொருந்தவில்லையாம். அட்வைசரோ, "பார்க்கிங் தூணில் இடித்ததாக இன்னொரு கிளெய்ம் போட்டுவிடலாம் சார்" என்கிறார். மனைவி வேண்டாம் என்கிறாள். வண்டி 2021 மாடல், 1,197 சிசி. பம்பர் டு பம்பர் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கவர்) உண்டு, கிளெய்ம் போடாததற்கு பிரீமியத்தில் தரும் நோ கிளெய்ம் போனஸ் 35 சதவீதம்.

ஹலசூர்க்காரன்:
வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள். தூண் கதை எழுதினால் அதையும் பெரும்பாலும் இதே சர்வேயர்தான் பார்ப்பார், இதே போட்டோக்கள்தான் அவர் கையில் இருக்கும். பொய் என்று தெரிந்தால் இப்போது ஒத்துக்கொண்ட பின்பக்கமும் சேர்ந்து போகும். போதாததற்கு, ஒவ்வொரு கிளெய்முக்கும் தனியாக 1,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். பல பாலிசிகளில் பம்பர் டு பம்பர் வருடத்துக்கு இரண்டு தடவைதான், அதுவும் தீர்ந்துவிடும். போனஸ் எப்படியும் ஒரே கிளெய்மில் பூஜ்ஜியமாகிவிடும், அதை நினைத்து இனி வருந்திப் பயனில்லை.

புதுடிரைவர்:
இடித்தவருடைய இன்சூரன்ஸில் வாங்கினால் என்ன? தப்பு அவர் மேல்தானே?

ஹலசூர்க்காரன்:
வாங்கலாம் தம்பி. அவருடைய தேர்ட் பார்ட்டி கவரில் அடுத்தவர் பொருள் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை இடம் உண்டு. ஆனால் போலீஸ், வக்கீல், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று அலைய வேண்டும். 38,500 ரூபாய்க்கு எத்தனை நாள் லீவு போடுவது?

ஸ்பேனர்:
ஓசூர் ரோட்டில் பதினோரு வருடம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் சொல்கிறேன். சர்வேயரை வில்லனாகப் பார்க்காதீர்கள். அவர் கையில் இருக்கும் பேப்பரில் "பின்னால் இடி" என்று மட்டும் இருக்கிறது. நான் அந்த இடத்தில் இருந்தாலும் முன்பக்கத்தை நீக்கித்தான் விடுவேன்.

ஆனால் பழைய அடியா புதிதா என்று உலோகமே சொல்லும். பழைய அடியென்றால் மடிப்புக்குள் தூசி ஏறி, பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு பிடித்திருக்கும். புதுக் கசிவில் ஏசி கேஸோடு வந்த எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக நிற்கும். குட்டியானைச் சட்டத்தின் பெயின்ட் உங்கள் பம்பரில் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பழுத்த ஆளாக இருந்தால் சட்டத்தின் உயரத்தையும் பம்பரில் பட்ட இடத்தின் உயரத்தையும் டேப் வைத்து அளப்பார். டிக்கித் தரை நெளிந்திருந்தால் அதையும் காட்டுங்கள், வண்டி எவ்வளவு வேகமாகத் தள்ளப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி. கழற்றிய எதையும் எறிய விடாதீர்கள், வாய்மொழியாக இல்லாமல் மெயிலில் சொல்லிவையுங்கள். ரிப்பேரையும் இப்போது தொடங்க வேண்டாம்.

இன்னொன்று, கடைசியாக சர்வீஸ் விட்டபோது ஜாப் கார்டில் கார் படத்தைச் சுற்றிக் கீறல்களைக் குறித்திருப்பார்களே, அந்த நகலை வாங்குங்கள். டேஷ்கேம் இருக்கிறதா?

பெல்லந்தூர்வாசி:
டேஷ்கேம் இல்லை அண்ணா. ஆனால் நீங்கள் கேட்ட பிறகு வாட்ஸ்அப்பைத் தோண்டினேன். அன்று காலை 9.07-க்கு மனைவிக்கு வளைந்த நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து, "முன்னாடியும் லேசா முட்டிருச்சு, பயப்படாதே" என்று அனுப்பியிருக்கிறேன். ஐந்து வாரத்துக்கு முந்தைய ஜாப் கார்டில் முன் பம்பரில் எந்தக் குறியும் இல்லை, இடது பனிவிளக்கைத் தவிர.

ஸ்பேனர்:
அந்த ஒரு போட்டோ போதும். பனிவிளக்கு பழைய அடி, அதை மட்டும் கிளெய்மில் கேட்காதீர்கள்.

ஹலசூர்க்காரன்:
இனி எழுத்துதான். "ஃபாரத்தில் விவரம் முழுமையாக இல்லை, பின்னால் இடித்ததில் தள்ளப்பட்டு முன்னால் முட்டியது, இரண்டும் ஒரே சம்பவம்" என்று திருத்தக் கடிதம் கொடுங்கள். பின்னால் இடித்தவரிடம் இரண்டு வரி மெசேஜ் வாங்கிச் சேருங்கள். மறு ஆய்வும் சர்வே ரிப்போர்ட் நகலும் கேளுங்கள். மூன்றாம் நாள் சொன்னதைக் குறையாகப் பேசினால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்ற ஐஆர்டிஏவின் (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) 2011 சுற்றறிக்கையைச் சுட்டுங்கள். 2024 ஜூன் விதிப்படி சர்வேயருக்கு ரிப்போர்ட் தர 15 நாள், அது வந்தபின் கம்பெனி முடிவெடுக்க 7 நாள். தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மசியவில்லை என்றால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, ஆணையத்தின் பீமா பரோசா புகார்த் தளம். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ, ஜே.பி. நகர் முதல் ஃபேஸில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். முழுத் தீர்வு என்று எந்த வவுச்சரிலும் அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.

பெல்லந்தூர்வாசி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஜே.பி. நகர் வரை போகத் தேவைப்படவில்லை. கடிதம் கொடுத்த நாலாம் நாள் அதே சர்வேயர் வந்தார். வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். கம்பெனி 56,100 கொடுத்தது. என் கையிலிருந்து 5,300: கட்டாயப் பிடித்தம் 1,000, ஏசி கேஸும் கூலன்ட்டும் 1,900 (கன்ஸ்யூமபிள்ஸ் கவர் நான் எடுக்கவில்லை), பனிவிளக்கு 2,400. பின்னால் இடித்தவர் அந்த ஆயிரத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டார், நல்ல மனிதர். பனிவிளக்கு தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது மாமனார் வீட்டு கேட்டில் நான் இடித்தது. அது மனைவிக்கு இந்த ஜாப் கார்டால்தான் தெரிந்தது.