இருபதாவது நிமிசம் நின்னு போற பழைய போட்டு மோட்டார்: சி.டி.ஐ. மாத்தலாமுங்களா?

கதவணைத்தண்ணி:
வணக்கமுங்க. எங்களுக்கு நெரிஞ்சிப்பேட்டை பக்கம், ஆத்தோரம். கதவணையில தேங்கற தண்ணியில வலை போடறதுக்குன்னு போன தை மாசம் ஒரு ஃபைபர் போட்டும், 9.9 எச்.பி. ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டும் (போட்டுக்குப் பின்னாடி வெளிய மாட்டற மோட்டார்) வாங்கினேன். கடலோரத்துல ஓடுன செகண்ட் ஹேண்ட். வித்தவரு ஒரே இழுப்புல ஸ்டார்ட் பண்ணிக் காட்டினாரு, நானும் மயங்கிட்டேன்.

காலையில மூணாவது இழுப்புல பத்திக்குதுங்க. பூலாம்பட்டிக் கரைக்குப் போயிட்டுத் திரும்பற வரைக்கும் ராஜா. இருபது நிமிசம் ஆச்சுன்னா மூச்சு வாங்கறாப்புல ஏறி எறங்கிப் பொட்டுனு நின்னுருது. அப்புறம் தோள்பட்டை கழண்டாலும் பத்தாது. துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்து, டீ குடிச்சுட்டு அரை மணி கழிச்சு இழுத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. போன வாரம் பொழுதோட ஷட்டர் பக்கம் தண்ணி இழுக்கற எடத்துல நின்னுருச்சு. கூட வந்த எங்க மாமன் அன்னையிலிருந்து போட்டுல கால் வெக்கறதில்லை.

பிளக் மாத்தியாச்சு, கார்பரேட்டர் கழுவியாச்சு. டவுன்ல ஒரு கடையில, பிளக்குக்குப் பொறி அனுப்பற சி.டி.ஐ. டப்பா போயிருச்சு, 11,000 ஆகும்ங்கறாங்க. குடுக்கலாமுங்களா?

பழைய ரெண்டு ஸ்ட்ரோக்:
தம்பி, காசு மடியிலயே இருக்கட்டும். சூடானா நிக்குது, ஆறினா ஓடுதுன்னு சொன்னாலே எல்லாரும் சி.டி.ஐ. மேலதான் கை வெப்பாங்க. கருப்பு டப்பா, பிரிச்சுப் பாக்க முடியாது, எந்தப் பழியையும் தாங்கும். காயிலோ சி.டி.ஐ.யோ சூட்டுல விட்டுப் போறது நெசமாவே உண்டு. ஆனா அப்படின்னா நின்ன அந்த நிமிசம் பொறி இருக்காது. டீ குடிச்சுட்டு வந்து பாத்தா எப்படித் தெரியும்?

நின்ன எடத்துலயே பாக்கோணும். பெட்ரோல் ஓஸுல இருக்கற, கையால பிசையற ரப்பர் பல்பைத் தொடுங்க. கெட்டியா இருக்குதா, தொளதொளன்னு இருக்குதா, இல்லை உறிஞ்சிப் போட்ட நுங்காட்டம் ஒட்டிக் கெடக்குதா? அடுத்து பிளக்கைக் கழட்டுங்க. நனைஞ்சிருக்குதா, காஞ்சிருக்குதா? அதையே கேப்புல மாட்டி இரும்புல ஒட்டி வெச்சுட்டு இன்னொரு ஆளை இழுக்கச் சொல்லுங்க. பிளக் ஓட்டைக்கிட்ட மட்டும் வெச்சிராதீங்க, உள்ளிருந்து ஆவி பீச்சும், குப்புனு பத்திக்கும்.

நான் ஒருக்கா பவானிசாகர்ல அரை நாள் கயிறு இழுத்துட்டு, கடைசியில பாத்தா, ஸ்விட்சுல மாட்டலைன்னா மோட்டாரே பத்தாத அந்தச் செவப்பு கிளிப்பு என் சட்டைப் பையில. உங்க கேஸ் அது இல்லை, வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

நங்கூரம் இல்லாம ஷட்டர் பக்கம் போகாதீங்க. மாமன் பண்றது நியாயம்.

அந்தியூர் ஸ்ப்ரேயர்:
நம்ம பக்கம் அவுட்போர்டுக்குன்னு மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாமுங்க. மருந்தடிக்கற பவர் ஸ்ப்ரேயர், பழைய மொபெட் பாக்கறவங்களுக்கு இந்தக் கார்பரேட்டரும் மேக்னெட்டும் அத்துப்படி. தண்ணியில குளிர வெக்கற ஏற்பாடு ஒண்ணுதான் எங்களுக்குப் புதுசு. ஆயிலும் வேற. மொபெட் 2டி ஊத்தாதீங்க, டி.சி.டபிள்யூ-3ன்னு போட்ட ஆயில் வாங்குங்க. பெரும்பாலும் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. டேங்க் மூடியிலயோ புக்லயோ பாத்துக்குங்க. இப்ப பங்க்ல வர்றது 20 சதம் எத்தனால் கலந்தது, ஈரத்தை உறிஞ்சும், பழைய ஓஸை உள்பக்கமா உரிச்சு விட்டுரும். ஓஸையும் ஒரு கண்ணு பாத்துருங்க.

கதவணைத்தண்ணி:
அண்ணா, இன்னைக்குப் போனேன். 18-வது நிமிசம் நின்னுச்சு. பல்பு நீங்க சொன்ன நுங்கேதான், ரெண்டு பக்கமும் ஒட்டிக் கெடந்துச்சு. பிளக்கு காஞ்சிருக்குது, பொறி நீலமா சடசடங்குது. டேங்க் மூடியைத் திருகினேன் பாருங்க, உஸ்ஸுனு காத்தை இழுத்து, டேங்கு டொம்முனு ஒரு சத்தம் போட்டுச்சு. பல்பைப் பிசைஞ்சு ரெண்டே இழுப்பு, ஓடுது!

மூடி மேல இருக்கற காத்துத் திருகைத் தொறந்துதான் வெச்சிருந்தேன், சத்தியமா. கரைக்கு வந்து கழட்டினா ஓட்டை நெறையச் செம்மண்ணு. குளவி கூடு கட்டியிருக்குதுங்க. டேங்கைக் கட்டுத்தரையில வெச்ச வெனை. ஊக்குல நோண்டினேன், மண்ணோட பச்சைப் புழு ஒண்ணு வந்து விழுந்துச்சு. கடைக்காரரு 11,000 சொன்ன சி.டி.ஐ. அதுதான்.

பழைய ரெண்டு ஸ்ட்ரோக்:
பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்துப் போகோணும். போகலைன்னா டேங்கு பெட்ரோலைப் புடிச்சு வெச்சுக்கும். நீங்க டீ குடிக்கற நேரத்துல சந்து பொந்துல மெல்லக் காத்து ஏறியிருக்கும், அதைத்தான் சூடு ஆறிடுச்சுன்னு நெனச்சிருக்கீங்க.

கதவணைத்தண்ணி:
இன்னொண்ணு சொன்னா திட்டக்கூடாதுங்ணா. ஓடறப்ப, மோட்டாரைக் குளிர வெக்கற தண்ணி பின்னாடி பீச்சுமில்ல, அது நூலாட்டம்தான் வருது. வாங்கின அன்னைக்கு வாசல்ல நிறுத்தி, தண்ணி இல்லாம ரெண்டு நிமிசம் ஓட்டி ஒறம்பரைக்கெல்லாம் காட்டினேன்.

பழைய ரெண்டு ஸ்ட்ரோக்:
திட்டத்தான் வேணும். அந்தத் தண்ணியை மேல ஏத்தற பம்புல சுத்தற இம்பெல்லர் ரப்பரு. தண்ணிதான் அதுக்கு எண்ணெய் மாதிரி, காஞ்சு ஓடினா கொஞ்ச நேரத்துலயே கருகி எறக்கை பிஞ்சுரும். கீழ கியர்பாக்ஸ் போல்டை எடுத்து, கியர் ராடு இணைப்பை விடுவிச்சுட்டு நேரா கீழ உருவுங்க. கடல்ல ஓடுனதுன்னா போல்டு உப்புல இறுகியிருக்கும், ஸ்பேனர்ல தொங்கினா தலை கையோட வந்துரும். ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வெச்சு, காலையில முன்னயும் பின்னயுமா அசைச்சு எடுங்க. அதுவரைக்கும் வண்டியை ஓட்ட வேண்டாம்.

கதவணைத்தண்ணி:
எடுத்தாச்சுங்ணா. ஒரு போல்டு மட்டும் அழ வெச்சுருச்சு. இம்பெல்லர்ல ஆறு எறக்கையில ரெண்டு இல்லை. புதுசுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் மாட்டி ஞாயித்துக்கெழமை வலைக்குப் போலாமுங்களா?

பழைய ரெண்டு ஸ்ட்ரோக்:
போன ரெண்டு எறக்கை எங்க தம்பி? பம்புக்கு மேல போற தண்ணிக் குழாயிலயோ, சூட்டுக்குத் தக்கபடி தண்ணியைத் தொறந்து விடற தெர்மோஸ்டாட்டுக்கு அடியிலயோ சொருகிட்டு இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழட்டிட்டு மேலிருந்து கீழ ஓஸுல தண்ணி அடிங்க, அந்தச் சாக்குல உப்புக் கட்டியும் கொஞ்சம் வரும். துண்டு ரெண்டும் உங்க உள்ளங்கைக்கு வர்ற வரைக்கும் கயிறைத் தொடாதீங்க.