புதுப்பிப்பு: 25ஆவது கல்யாண நாள், பாலியா மலேசியாவா?

எங்கள் 25ஆவது கல்யாண நாளுக்குப் பாலி போகலாமா, மலேசியா போகலாமா என்று நான் கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மலேசியாதான். ஆகஸ்டில் கிளம்புகிறோம். இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிற என் வீட்டுக்காரரை சீசன் முடியாமல் கிளப்ப முடியுமா!

விசா செலவு இல்லை. இப்போதைக்கு இந்தியர்களுக்கு 30 நாள் வரை விலக்கு. டிஜிட்டல் வருகை அட்டையை மட்டும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

லங்காவி தீவை விட்டுவிட்டோம். ஓடி ஓடிப் பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. பத்துமலை முருகன் கோயிலுக்கு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இருந்து ரயில், அதுவும் விடியற்காலையிலேயே. 272 படி, வெயில் ஏறினால் என் முட்டி தாங்காது. குரங்கு பையைப் பிடுங்கும் என்றீர்கள், நம்ம ஊர்க் குரங்கிடம் பழகியவர்கள்தானே நாங்கள்.

பிறகு ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்கு தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுன். பாலம் வழியாகக் காரில் போவதைவிட இதுவே நன்றாக இருக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். கல்யாண நாளன்று சாயங்காலம் பினாங்கு மலை, இழுவை ரயிலில்.

ஒன்று மட்டும் பாக்கி. ஜார்ஜ் டவுனில் தங்குவது லிட்டில் இந்தியா பக்கமா, கொம்தார் கோபுரக் கட்டடத்தின் பக்கமா? வீட்டுக்காரர் ஓட்டு லிட்டில் இந்தியாவுக்கு. காலையில் இட்லி கிடைக்குமாம்.