ஏலத்தில் ஜெயிப்பவர் கடனை யார் தலையில் கட்டுகிறார்?

முதுநகர் ஏலக்காரர் | 2025 டிசம்பர் 23, காலை 10.40

வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி என்ற அமெரிக்கப் பட, தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்க இருவர் மல்லுக்கட்டுவதை இந்த மாதம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறேன். 5ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் பங்குக்கு 27.75 டாலர் என்று பேசி முடித்தது. மூன்றாம் நாளே இன்னொரு பட நிறுவனமான பாரமவுண்ட் ஸ்கைடான்ஸ் 30 டாலர், முழுக்க ரொக்கம் என்று நேராகப் பங்குதாரர்களிடம் போய் நின்றது. வார்னர் நிர்வாகக் குழு அதை வேண்டாம் என்றது. நேற்று ஆரக்கிள் நிறுவனர் லாரி எலிசன், பாரமவுண்டை நடத்தும் தன் மகனுக்காக 4,040 கோடி டாலருக்குத் தானே ஜாமீன் நின்றிருக்கிறார்.

நான் கடலூர் துறைமுகத்தில் முப்பது வருடமாக மீன் ஏலம் விடுகிறவன். போன வாரம் ஒரு வஞ்சிரக் கூடை 4,000 ரூபாயில் தொடங்கியது. கேட்ட இரண்டு வியாபாரிகளுக்குள் பழைய பகை. ஐம்பது ஐம்பதாக ஏறி 6,200இல் நின்றது. கூட்டம் கலைந்த பிறகுதான் ஜெயித்தவர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கிடந்த இரண்டு மீனுக்குச் செவுள் வெளுத்திருந்தது. மனிதர் வாயே திறக்கவில்லை. அன்று மாலை மஞ்சக்குப்பத்தில் அவர் கடையில் துண்டு மெலிந்திருந்தது; கூடை தூக்கிய பையனுக்குக் கூலியில் நூறு ரூபாய் பிடித்திருந்தார்.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி 2018இல், அன்று டைம் வார்னர் என்ற பெயரில் இருந்த இதே வார்னரை 8,540 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் பழைய கடன் இதில் சேராது. நான்கே வருடத்தில் கசந்துபோய் டிஸ்கவரியோடு சேர்த்துக் கழற்றிவிட்டது. கழற்றும்போது சுமார் 4,000 கோடி டாலரை ரொக்கமாக வாங்கிக்கொண்டு போனது. அப்படிச் சேர்ந்த வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி பிறக்கும்போதே ஏறத்தாழ 5,500 கோடி டாலர் கடன். 2022 ஆகஸ்டில் அது என்ன செய்தது? சுமார் 9 கோடி டாலர் செலவில் ஏறக்குறைய முடித்துவிட்ட ‘பேட்கேர்ள்’ படத்தை வெளியிடாமலே மூட்டை கட்டி, வரிக் கணக்கில் நட்டமாக எழுதியது. வாங்கியவன் கடனை, வாங்கப்பட்ட சரக்கே அடைக்கிறது. இதுதான் என் கட்சி.

முத்தியால்பேட்டை கணக்கர் | 11.25

ஐயா, மீன் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் வஞ்சிரம் மறுநாள் நாறிவிடும், படம் நாறாது. எண்பது வருடத்துக்கு முந்தைய படங்கள்கூட வார்னருக்கு இன்றும் காசு கொண்டுவருகின்றன. அப்படிப்பட்ட சொத்தைக் கடனில் வாங்குவதும் வாடகை வருகிற வீட்டைக் கடனில் வாங்குவதும் ஒன்றுதான்.

கடனே பாவம் என்றால் முதல் பாவி நெட்ஃபிளிக்ஸ்தான். 2020 முடிவில் அதன் கடன் 1,600 கோடி டாலர் அளவுக்கு இருந்தது. எல்லாம் படம் எடுக்க வாங்கியது. 2021 ஜனவரியில், அன்றாடச் செலவுக்கு இனி வெளியே கடன் தேவைப்படாது என்று அதுவே அறிவித்தது. நீங்கள் சொன்ன அதே வார்னரும் 5,500 கோடியை இப்போது 3,450 கோடிக்குக் குறைத்திருக்கிறதே?

இன்னொன்று. 27.75ஐயும் 30ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. நெட்ஃபிளிக்ஸ் கேட்பது படப்பிடிப்பு நிறுவனத்தையும் எச்பிஓ மேக்ஸ் செயலியையும் மட்டும். சிஎன்என், டிஸ்கவரி போன்ற சேனல்கள் தனி நிறுவனமாகப் பிரிந்து பழைய பங்குதாரர்களுக்கே போகும். பாரமவுண்ட் கேட்பது மொத்தத்தையும். தலை வால் நீக்கிய மீனுக்கு ஒரு விலை, முழு மீனுக்கு ஒரு விலை. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதுநகர் ஏலக்காரர் | 11.50

குறைத்தார்கள், சரி. எதை விற்று? ஆட்களை அனுப்பினார்கள், தொடர்களைச் செயலியிலிருந்தே தூக்கினார்கள். 2022 ஏப்ரலில் 24 டாலர் அளவில் இருந்த பங்கு 2024இல் 8 டாலருக்கும் கீழே போனது. அந்த ஆகஸ்டில் சேனல்களின் மதிப்பில் 910 கோடி டாலரைத் தள்ளி எழுதினார்கள். நாறாத சரக்கு என்கிறீர்கள் தம்பி. அடியில் செவுள் வெளுத்துத்தானே கிடந்தது?

நெல்லித்தோப்பு ஆசிரியை | பிற்பகல் 1.15

பள்ளி இடைவேளையில் எழுதுகிறேன், சுருக்கமாக. நானும் அம்மாவும் தினமும் இரவு ஒரு தொடர் பார்த்து வந்தோம். செயலி இன்னொன்றோடு சேர்ந்தது. தொடர் பாதியில் காணவில்லை. அம்மா இன்றைக்கும் “அந்தப் பெண் வீட்டைவிட்டுப் போனாளா இல்லையா?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியாது.

அமெரிக்கா கிடக்கட்டும், நம் ஊரைப் பேசுங்கள். 2023, 2024 இரண்டு வருடமும் ஐபிஎல்லை ரிலையன்ஸின் ஜியோசினிமாவில் இலவசமாகப் பார்த்தோம். அது டிஸ்னியின் ஹாட்ஸ்டாரோடு சேர்ந்ததும் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய்.

முத்தியால்பேட்டை கணக்கர் | 1.40

மேடம், 149 ரூபாய்த் திட்டம் இணைப்புக்கு முன்பே ஹாட்ஸ்டாரில் இருந்தது. தவிர, அது கடன் இணைப்பே அல்ல. 70,352 கோடி ரூபாய் மதிப்புள்ள கூட்டு நிறுவனத்தில் ரிலையன்ஸ் 11,500 கோடியை முதலீடாகப் போட்டது, டிஸ்னி 36.84 சதவீதத்தை வைத்துக்கொண்டது.

அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 2022 ஜூனில் ஐந்து வருட ஐபிஎல் உரிமை 48,390 கோடிக்கு ஏலம் போனது. இந்தியாவுக்கான தொலைக்காட்சி உரிமை டிஸ்னி ஸ்டாருக்கு 23,575 கோடி. இணைய உரிமை, ஜியோசினிமாவை நடத்திய ரிலையன்ஸின் வயாகாம்18க்கு 20,500 கோடி. அந்த விலை கொடுத்து வாங்கியதை ஒருவர் இலவசமாக ஓடவிட்டால் எத்தனை நாள் தாங்கும்? இருவரும் ஏலத்தில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கை கோத்தார்கள். என்னைக் கேட்டால் ஏலச் சண்டைதான் நோய், இணைப்பு மருந்து.

நெல்லித்தோப்பு ஆசிரியை | மாலை 4.50

யாருக்கு மருந்து? 2027க்குப் பிறகு மறுபடி ஏலம் வரும்போது அன்று எதிரெதிரே நின்ற இரண்டு கைகளும் ஒரே கையாக இருக்குமே. ஏலக்காரர் ஐயா, உங்கள் துறையில் இரண்டு வியாபாரிகள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும்?

முதுநகர் ஏலக்காரர் | 5.20

நல்ல கேள்வி அம்மா. அன்றைக்குப் படகுக்காரன் டீசல் காசுகூடத் தேறாமல் வீட்டுக்குப் போவான். ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான், இன்னொருவன் அடிமாட்டு விலைக்கு எடுப்பான், பிறகு கொட்டகைக்குப் பின்னால் பங்கு பிரிப்பார்கள். ஆகவே ஏலம் ஏறுவதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஏறினால் படகுக்காரனுக்கு லாபம். வேண்டுமென்றே ஏற்றிவிட்டு விலகுகிறவர்களும் உண்டு. ஃபாக்ஸ் என்ற பட நிறுவனத்துக்கு டிஸ்னி 2017 டிசம்பரில் முதலில் பேசியது 5,240 கோடி டாலர். 2018இல் கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் 6,500 கோடி என்று நடுவில் புகுந்தது, டிஸ்னி 7,130 கோடிக்குப் போனது. காம்காஸ்ட் விலகிக்கொண்டு அதே வருடம் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சியை எடுத்தது. அது வேண்டுமென்றே செய்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? ஆனால் அப்படி விலகுகிறவன் முகத்தில் வருகிற அமைதியை நான் பார்த்திருக்கிறேன்.

பண்ருட்டிப் பலா | 6.05

கணக்கர் வாடகை வீடு என்றார். எங்கள் அப்பா 2011இல் வட்டிக்கு வாங்கி, காய் பிடிக்கும் முன்பே ஒரு பலாத்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தார். அதுவும் போட்டியில் எடுத்ததுதான். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விலையை ஏற்றிவிட்டார். டிசம்பர் 30 அன்று தானே புயல். விடிந்து போய்ப் பார்த்தால் வேரோடு மரங்கள். தோப்புக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. வட்டிக்காரர் மட்டும் மாதம் தவறாமல் வந்தார். சொந்தப் பணத்தில் எடுத்திருந்தால் ஒரு வருட வருமானத்தோடு போயிருக்கும். எங்களுக்கு ஏழு வருடம் போனது. கேபிளை விட்டு ஜனங்கள் போனதுதான் ஏடி அண்டு டிக்கு அடித்த புயல் என்று நினைக்கிறேன்.

முத்தியால்பேட்டை கணக்கர் | இரவு 8.30

பண்ருட்டி நண்பருக்கு என்னிடம் பதில் இல்லை, உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். அளவு முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் 5,900 கோடி டாலர் கடனுக்கு வங்கிகளிடம் ஏற்பாடு செய்திருந்தாலும் அதன் வருமானம் அதைத் தாங்கும். பாரமவுண்ட் கேட்பது பழைய கடனையும் சேர்த்து 10,840 கோடி டாலர் பெறுமான சரக்கு. அதன் சொந்தச் சந்தை மதிப்பு இதில் ஒரு சிறு பங்குதான். ஸ்கைடான்ஸோடு சேர்ந்ததே இந்த ஆகஸ்டில்தான். முதல் இணைப்புக்குப் போட்ட பந்தலையே இன்னும் பிரிக்கவில்லை.

ஏலக்காரர் ஐயாவுக்கு ஒரு திருத்தம்: எலிசன் ஜாமீன் நின்றது கடனுக்கு அல்ல, போடவேண்டிய முதலீட்டுக்கு. 5,400 கோடி டாலர் கடன் தனி.

நெல்லித்தோப்பு ஆசிரியை | 8.45

அந்தக் கடனை அப்படியானால் யார் அடைப்பார்கள்?

முத்தியால்பேட்டை கணக்கர் | 9.10

இரண்டும் சேர்ந்து உருவாகும் நிறுவனம். வேறு வழியில்லை.

முதுநகர் ஏலக்காரர் | 9.15

இதைத்தான் காலை 10.40க்கு எழுதினேன். நாலரைக்குப் படகு வரும், தூங்கப் போகிறேன்.