வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு: எதைப் படிப்பது?

கொக்குவிலான்: வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்துவிட்டு அண்மையில்தான் ரொரன்ரோவுக்கு வந்தேன். பெரிய தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று மென்பொருள் பொறியியலாளர் வேலைக்கு வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு வைத்திருக்கிறது. நித்திரையே வரவில்லை. எதைப் படிப்பது?

மார்க்கத்தார்: தம்பி, முதலில் நல்ல குளிரங்கி வாங்குங்கள். நான் வந்த புதிதில் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இரவில் களஞ்சியசாலையில் சாமான் அடுக்கிப் பகலில் விண்ணப்பம் எழுதியவன். கிடைக்கிற வேலையைப் பிடியுங்கள். பெரிய கம்பனியைப் பிறகு பார்க்கலாம்.

இணுவில் அக்கா: அண்ணை, அவர் குளிரைப் பற்றிக் கேட்கவில்லையே. தம்பி, சிஸ்டம் டிசைன், அதாவது பெரிய மென்பொருள் அமைப்பு ஒன்றை எப்படி வடிவமைப்பது என்பதைப் படியுங்கள். ஆட்களைக் கழிப்பது அதில்தான்.

வடமராட்சியான்: படித்து முடித்த கையோடு வந்தவருக்கு சிஸ்டம் டிசைன் எதற்கு? உயர்தரத்துக்குக் கடந்தகால வினாத்தாள் செய்ததுபோல லீட்கோட் என்ற பயிற்சித் தளத்தில் உள்ள நிரல் கணக்குகளைச் செய்தால் போதும்.

மார்க்கத்தார்: எதைப் படித்தும் என்ன, கடைசியில் கனடிய அனுபவம் உண்டா என்றுதான் கேட்பார்கள்.

இணுவில் அக்கா: 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் பொது விளம்பரங்களில் அந்த நிபந்தனையைப் போடுவதை ஒன்ராறியோ 2026 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. மனங்கள் மாறினவா என்பது வேறு கதை.

வோட்டர்லூவில் ஒருவன்: தம்பி, எத்தனையாவது சுற்று, எந்த நிலை வேலை என்பதை நீங்கள் சொல்லவில்லை. மின்னஞ்சல் அனுப்பிய ஆட்சேர்ப்பு அலுவலரிடமே கேளுங்கள். குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆயத்தம் போதாவிட்டால் பிந்திய திகதியும் கேட்கலாம்.

நம் பிள்ளைகள் பலர் விடை தெரிந்தும் சறுக்குவது வாய் திறவாததால்தான். பரீட்சை மண்டபத்தில் தலை நிமிராமல் எழுதிப் பழகியவர்களுக்கு, யோசிப்பதைச் சத்தமாகச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கும். எண் பட்டியல் ஒன்றில் கூட்டுத்தொகை 10 வரும் சோடியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், பட்டியல் வரிசைப்படுத்தப்பட்டதா, ஒரே எண் இரு தடவை வருமா, சோடி இல்லாவிட்டால் எதைத் திருப்பித் தருவது என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு சோடியாகப் பார்த்தால் வேலை எண்ணிக்கையின் வர்க்க அளவில் பெருகும் என்பதையும், பார்த்த எண்களை, ஓர் எண் இருக்கிறதா என்று உடனே தேடித் தரும் ஹாஷ் மேப் என்ற அட்டவணையில் போட்டுக்கொண்டு போனால் மேலதிக நினைவகச் செலவோடு ஒரே ஓட்டத்தில் முடியும் என்பதையும் சொல்லிவிட்டு எழுதுங்கள். முடிந்ததும் 5, 3, 7 என்ற பட்டியலை வரி வரியாக ஓட்டிக் காட்டுங்கள். தேடுவதற்கு முன்பே எண்ணை மேப்பில் போட்டிருந்தால் 5 தன்னோடு தானே சோடி சேர்ந்துவிடும். பிழை அங்கேயே பிடிபடும்.

கொக்குவிலான்: மிக்க நன்றி அண்ணை. முதலாவது தொழில்நுட்பச் சுற்று, புதுப் பட்டதாரி நிலை. நிரலை ஜாவாவில் எழுதுவதா, பைதனிலா?

வோட்டர்லூவில் ஒருவன்: அப்படியென்றால் சிஸ்டம் டிசைனை இப்போதைக்கு விடுங்கள். கை பழகிய மொழியில் எழுதுங்கள். நாளை இரவு எட்டு மணிக்கு அழையுங்கள், நான் கேள்வி கேட்கிறேன். ஆங்கிலத்திலேயே பேச வேண்டும்.