ஹெட்போனும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்துல பாட வைக்கணும், வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு காது கொஞ்சம் மந்தம், அதனால கம்ப்யூட்டர்ல எல்லாரும் சேர்ந்து படம் பாக்கும்போது அவருக்கு மட்டும் ஹெட்போன் போட்டு சத்தமா வைக்கணும், நாங்க ஸ்பீக்கர்ல நார்மலா கேக்கணும், இவ்ளோதான் வேணும். ஸ்பீக்கரை சிபியூ கேபினட்டோட பின்னாடி பச்சை ஜாக்ல மாட்டியிருக்கேன், கேபினட் முன்னாடி ஜாக்ல ஹெட்போன் மாட்டுன உடனே ஸ்பீக்கர் கட் ஆயிடுது. விண்டோஸ் 10 தான், சவுண்ட் சிப் ரியல்டெக்.

ரெண்டு வழி பாத்துட்டேன். பின்னாடி ஜாக்ல ஒய் ஸ்பிளிட்டர் (ஒரு ஜாக்கை ரெண்டா பிரிக்கிற வயர்) போட்டா ரெண்டும் பாடுது, ஆனா அந்த ஜாக்ல ஹெட்போனுக்கு சத்தம் பத்தல, வால்யூம் 100 வச்சாலும் அப்பா இன்னும் ஏத்துன்னு கையை காட்றாரு. அப்புறம் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி ஹெட்போனை அதுல மாட்டி, விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸ்ல ரெக்கார்டிங்ங்கற பக்கத்துல ஸ்டீரியோ மிக்ஸ் (கம்ப்யூட்டர்ல ஓடுற சத்தத்தையே இன்புட்டா எடுக்கிறது) எனேபிள் பண்ணி, 'லிசன் டு திஸ் டிவைஸ்' டிக் போட்டு அந்த கார்டை செலக்ட் பண்ணேன். சத்தம் சூப்பர், வால்யூமும் தனித்தனியா வைக்க முடியுது, ஆனா ஹெட்போன்ல கொஞ்சம் லேட்டா வருது, வாய் அசைஞ்சு முடிஞ்சப்புறம் பேச்சு கேக்குது, அப்பா ரெண்டே நிமிஷத்துல கழட்டி மடியில வச்சுட்டு சும்மா உக்காந்துட்டாரு, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

இந்த டிலேவை குறைக்க முடியுமா? வாய்ஸ்மீட்டர்னு சவுண்ட் மிக்ஸ் பண்ற சாஃப்ட்வேர் யூஸ் பண்றவங்க யாராவது இருந்தா அதுல டிலே எப்படின்னு சொல்லுங்க. இல்ல ஸ்பிளிட்டரோட ஒரு சின்ன ஹெட்போன் ஆம்ப் (சத்தத்தை ஏத்திக் குடுக்கிற பெட்டி) சேத்தா போதுமா? எனக்கு அதுதான் சரின்னு தோணுது, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி செஞ்சு பாத்தவங்க சொன்னா தைரியமா இருக்கும்.