சிங்க் டிஸ்போஸர் உறுமுகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. உதவி தேவை

நனைந்த துணி:
நேற்று இரவு பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் இருக்கும் டிஸ்போஸரை, அதாவது உணவுக் கழிவை அரைத்துக் குழாயில் அனுப்பும் இயந்திரத்தைப் போட்டேன். 'ணங்' என்று ஒரு சத்தம். அப்புறம் வெறும் உறுமல்தான், எதையும் அரைக்கவில்லை. நாலைந்து முறை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். இப்போது உறுமல்கூட இல்லை. சிங்க்கில் அரை அடிக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மோட்டார் போய்விட்டதா? குழாய் அடைப்பு நீக்கும் மருந்து ஒரு பாட்டில் இருக்கிறது. ஊற்றலாமா வேண்டாமா என்று அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

திருப்புளி:
முதலில் அந்தப் பாட்டிலை எடுத்த இடத்திலேயே வையுங்கள். கொழுப்பையும் முடியையும் கரைக்கிற மருந்து அது. உங்களுக்குச் சிக்கியிருப்பது கெட்டியான ஏதோ ஒன்று, 'ணங்' சத்தமே சொல்லிவிட்டதே. மருந்தை ஊற்றினால் அந்தப் பொருள் அப்படியே இருக்கும், தேங்கிய தண்ணீர்தான் தோலையும் கண்ணையும் பொசுக்குகிற கரைசலாக மாறும். அப்புறம் யார் கையை விட்டு வேலை பார்ப்பது?

மோட்டார் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். உறுமுகிறது என்றால் மின்சாரம் வருகிறது, சுற்றத்தான் முடியவில்லை. சுற்ற முடியாத மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். கருகிப்போவதற்குள் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் விழுந்துவிடும். போட்டுப் போட்டு அணைத்தீர்களே, அதில்தான் விழுந்திருக்கும். இயந்திரத்தின் அடியில் சிறிய பட்டன் ஒன்று, பெரும்பாலும் சிவப்பு நிறத்தில், கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும். அதை இப்போதே அமுக்க வேண்டாம். சிக்கியதை எடுக்காமல் அமுக்கினால் மறுபடி உறுமும், மறுபடி விழும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லாமல் நேராக வயரிங் செய்திருந்தால் பிரேக்கரை இறக்குங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள், விளக்கு என்று நினைத்து யாராவது தட்டிவிடுவார்கள். பிறகு அடிப்பாகத்தின் நடுவில் பாருங்கள், ஆறு பக்கமுள்ள ஒரு துளை இருக்கும். அதில் அல்லன் கீயை, அதாவது 'L' வடிவில் வளைந்த ஆறுபக்கக் கம்பிச் சாவியைச் செருகி இரு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்புங்கள்.

நனைந்த துணி:
துளை இருக்கிறது. என்னிடம் இருந்த 6 மி.மீ. கீயைப் போட்டேன். கொஞ்சம் அசைகிறது, அழுத்தித் திருகினால் வழுக்குகிறது.

திருப்புளி:
நிறுத்துங்கள்! பெரும்பாலான மாடல்களில் அந்தத் துளை கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. 6 மி.மீ. கீ உள்ளே போகும், ஆனால் லொடலொட என்று ஆடும். பலமாகத் திருகினால் துளையின் விளிம்பு மழுங்கிவிடும், அதன்பிறகு சரியான கீ கிடைத்தாலும் பிடிக்காது. இயந்திரம் வாங்கும்போதே அதற்கான கீ ஒன்றைக் கூடவே கொடுப்பது வழக்கம். சிங்க்குக்கு அடியில் ஏதாவது மூலையில் கிடக்கிறதா பாருங்கள்.

பழைய வாளி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டு மாடலில் அந்தத் துளையே கிடையாது. துடைப்பக் கட்டையை மேலிருந்து விட்டு, உள்ளே தட்டின் மேல் நிற்கும் இரும்புத் துண்டில் முட்டுக்கொடுத்துத் தள்ளினேன், இளகிவிட்டது. பலரும் உள்ளே மிக்ஸி மாதிரி கத்தி இருப்பதாக நினைக்கிறார்கள். கத்தி இல்லை. சுழலும் தட்டில் இரண்டு இரும்புத் துண்டுகள், சுற்றிலும் துருவல் பலகை போன்ற வளையம். அந்தத் துண்டுகள் தள்ளத் தள்ள, எல்லாம் வளையத்தில் உரசி அரைபடும். கத்தி இல்லையே என்று கையை மட்டும் விடாதீர்கள்.

நனைந்த துணி:
கிடைத்துவிட்டது! பின்சுவரில் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள், இத்தனை வருடமாக என் கண்ணில் பட்டதே இல்லை. அரைச்சுற்று வந்தது, 'டக்' என்று நின்றது. எதிர்ப்பக்கம் திருப்பினேன், அங்கேயும் நின்றது. பத்துப் பதினைந்து முறை இப்படியும் அப்படியும் ஆட்டியபின் சட்டென்று இளகி முழுச் சுற்றும் வந்தது. தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு டார்ச் அடித்தேன். பாட்டில் மூடி, பல் பல்லாக இருக்குமே அந்தத் தகர மூடி, இரண்டாக மடிந்து இரும்புத் துண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் செருகிக் கிடந்தது. நீளமான இடுக்கியால் எடுத்தேன். பிளக்கைச் சொருகி, பட்டனை அமுக்கினேன். ஓடுகிறது! ஆனால் தண்ணீர் மட்டும் மெதுவாகத்தான் இறங்குகிறது.

திருப்புளி:
நல்லது. தண்ணீர் இறங்காதது தனிக் கதை. அரைத்த விழுது, சிங்க்குக்கு அடியில் 'U' மாதிரி வளைந்திருக்கும் வளைகுழாயில் படிந்திருக்கும். தண்ணீர் விடாமல் அரைத்தாலோ, அரைத்ததும் உடனே குழாயை மூடினாலோ அப்படித்தான் ஆகும். அடியில் வாளி வைத்து, வளைகுழாயின் இரண்டு நட்டுகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் நட்டு என்றால் பெரும்பாலும் கையாலேயே கழன்றுவிடும்.

இனி, பச்சைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அப்புறம் இயந்திரத்தைப் போடுங்கள். அரைத்து முடிந்தபிறகும் அரை நிமிடம் தண்ணீர் ஓடட்டும். வெந்நீர் வேண்டாம். கொழுப்பை உருக்கிக் கொண்டுபோய்க் குழாயின் தூரத்து வளைவில் உறைய வைத்துவிடும், அங்கே நம் கை எட்டாது. நார் நாரான தோலையும் போடாதீர்கள், கயிறு மாதிரி சுற்றிக்கொள்ளும்.

பழைய வாளி:
ஓடும்போது இயந்திரத்தின் அடியில் தடவிப் பாருங்கள். பட்டன் பக்கம் ஈரம் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். அதைச் சரிசெய்வதைவிட மாற்றுவதுதான் மேல்.

நனைந்த துணி:
தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. வளைகுழாயையும் கழற்றினேன், சாம்பல் நிறத்தில் ஒரு கை நிறைய வந்தது, நாற்றம் சொல்லி முடியாது. சந்தோஷத்தில் வாளித் தண்ணீரை அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டேன். குழாய் கழன்று கிடப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. தரையைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். திரும்ப மாட்டினால் நட்டு பக்கம் கசிகிறது.

திருப்புளி:
எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான் :) வாஷரைத் தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். அதன் சரிவான பக்கம் நட்டைப் பார்க்கக் கூடாது, மரையுள்ள குழாயின் வாயைப் பார்த்து இருக்க வேண்டும்.

நனைந்த துணி:
அதேதான். நின்றுவிட்டது.