ஸ்விண்டன் மேஜிக் ரவுண்டபோட்ல எப்பிடி ஓடுற?

கல்லடிப் பொடியன்:
மச்சான்மார், இங்கிலாந்துக்கு அக்காட வீட்ட போறன், அவ ஸ்விண்டன்ல இரிக்கா, அங்க ஒரு பெரிய சுற்றுவட்டத்துக்குள்ள அஞ்சு குட்டி சுற்றுவட்டம் கிடக்காம், மேலால எடுத்த படத்தப் பாத்தா சிக்குக்கோலம் மாதிரி. ஆர்ரா இத யோசிச்சவன்?

நாவற்குடா77:
ஃபிராங்க் பிளாக்மோர் எண்ட இஞ்சினியர்ட வேல, 1972ல. அஞ்சு ரோட்டும் வந்து ஏறுற இடத்தில ஒவ்வொரு குட்டி வட்டம், அதுகள்ல நம்மட மாதிரி மணிக்கூடு சுத்துற பக்கம்தான், ஆனா நடு வட்டத்தச் சுத்தி மற்றப்பக்கமா ஓடணும். தொடக்கத்தில குட்டி வட்டங்கள நிரந்தரமாக் கீறல்ல, மாத்தி மாத்திப் பாத்தாங்க, ஒவ்வொண்டுலயும் ஒரு பொலிஸ்காரன் நிண்டவன். முதல் பேர் கவுண்டி ஐலண்ட்ஸ், சனம்தான் மேஜிக் எண்டு கூப்பிட்டது, பிறகு அதையே பேரா வச்சிட்டாங்க.

காத்தான்குடி பைக்:
வலப்பக்கத்தால வாறவனுக்கு வழி விடு, அவ்வளவுதான்கா. 1966ல அந்தச் சட்டம் அங்க வந்தபடியாத்தான் இதெல்லாம் ஓடுது. ஒவ்வொரு வட்டமாப் பாருங்க, முழுசாப் பாத்தா தலை சுத்தும். ஹோன் அடிச்சே வழி எடுக்கிற நம்மட ஆக்களுக்குக் கஷ்டம்தான் 😄

கல்லடிப் பொடியன்:
அக்காட்டக் கேட்டன், அவ அந்தப் பக்கமே போறல்லையாம், வேற ரோட்டாலதானாம் 😂